ஒரே குழி, வேறு வேறு எடை: தோட்டா மருந்தை அளப்பதன் அறிவியல்

சுடும்போது தோட்டாவுக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகும் என்பதை மருந்தின், அதாவது உள்ளே எரியும் பொடியின், எடை தீர்மானிக்கிறது. ஆனால் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் கையாளும் ‘பவுடர் மெஷர்’ எடையை அளப்பதில்லை, கொள்ளளவைத்தான் அளக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தென்னாப்பிரிக்காவில், 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் உள்ளவர் தன் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளலாம். வேட்டைக் காலம் நெருங்கும்போது டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கத்து கராஜ்களிலும் இந்த வேலை நடக்கும். மாமா நிரப்ப, பக்கத்தில் நின்று எடை பார்க்கும் மருமகன் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “குழி ஒண்ணுதானே மாமா, பிறகு ஏன் ஒரு தரம் கூடுது, ஒரு தரம் குறையுது?”

கருவி எளிமையானது. மேலே மருந்து நிற்கும் ஹாப்பர், கீழே ஒரு உருளை, உருளையில் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு குழி. கைப்பிடியைத் தூக்கினால் குழி மேல்நோக்கித் திரும்பி நிரம்பும். இறக்கினால் கவிழ்ந்து, கீழே பிடித்திருக்கும் வெற்றுத் தோட்டாக் கூட்டுக்குள் கொட்டும். குழியின் அளவு மாறுவதே இல்லை. மாறுவது, அதற்குள் மருந்துத் துணுக்குகள் எவ்வளவு நெருங்கி அடங்குகின்றன என்பது.

படி அரிசி அளந்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைதட்டி அளந்த படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டம் இறங்கும், மேலே இன்னும் கொஞ்சம் அரிசி பிடிக்கும். ஒரே அளவுள்ள உருண்டைகளை மெல்லக் கொட்டினால், அவை அடைக்கும் இடம் 60 விழுக்காட்டைத் தொடுவதே அரிது. குலுக்கிவிட்டால் ஏறத்தாழ 64 வரை போகும். மீதியெல்லாம் காற்று. உருண்டை வடிவ மருந்து வழுக்கி இறங்குவதால் ஓரளவு சீராகவே அடங்கும். தென்னாப்பிரிக்காவின் சோம்கெம் ரைபிள் மருந்துகள் போன்ற குச்சி வடிவத் துணுக்குகளோ ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்து நிற்கும். உருளை திரும்பும்போது விளிம்பில் மாட்டிய குச்சிகள் நறுக்கென்று வெட்டுப்படுவதைக் கையிலேயே உணரலாம். அந்த அதிர்வே அடுத்த குழியின் நிரம்பலையும் மாற்றிவிடும்.

ஹாப்பரில் மருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதும் முக்கியம். தண்ணீராக இருந்தால் உயரம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியமும் பொடியும் அப்படியல்ல. துணுக்குகள் சுவரோடு உராய்ந்து, தங்கள் பாரத்தில் ஒரு பங்கைச் சுவர்மேல் ஏற்றிவிடுகின்றன. குதிர்களில் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர், 1895இல். ஆகவே ஹாப்பர் நிறைந்திருக்கும் வரை அடியில் அழுத்தம் அதிகம் மாறாது. மட்டம் வெகுவாக இறங்கிய பிறகுதான் அழுத்தம் சரியும், குழியும் இளக்கமாக நிரம்பும். ஹாப்பரைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே என்று பெரியவர்கள் சொல்வதற்கும், உள்ளே தடுப்புத் தகடு ஒன்று வைப்பதற்கும் இதுவே காரணம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது கை. ஒரு தரம் வேகமாகவும் ஒரு தரம் மெதுவாகவும் இழுத்தால், எந்த விலை கொடுத்து வாங்கிய கருவியும் சீராகக் கொட்டாது. கைப்பிடி மேலே போய் முட்டும்போது ஒரே மாதிரி இடி, கீழே வந்து முட்டும்போதும் ஒரே மாதிரி இடி, நடுவில் ஒரே வேகம். தொடக்கத்தில் விழும் சில அளவுகளைத் திரும்ப ஹாப்பரிலேயே போட்டுவிட வேண்டும். மருந்து ஒரு நிலைக்குப் படிய அவ்வளவு அசைவு தேவை. இடத்தையும் பார்க்க வேண்டும். ஜோகனஸ்பர்க் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் உண்டாகி, துணுக்குகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். டர்பனின் ஈரக் காற்றில் டப்பாவைத் திறந்தே வைத்தால் மருந்து ஈரத்தை இழுத்து, எரியும் வேகம் குறையும்.

ரைபிள் தோட்டாவுக்குப் பலரும் செய்வது நல்ல வழி. கருவியால் சற்றுக் குறைவாகக் கொட்டிக்கொண்டு, மிச்சத்தைத் தராசுத் தட்டில் துணுக்கு துணுக்காக உதிர்த்துச் சேர்ப்பார்கள். கணக்கு கிரெயினில். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், தராசு காட்டும் 0.1 கிரெயின் வெறும் 6.5 மில்லிகிராம்தான். மின்னணுத் தராசு வெப்பம் மாறினாலும் விசிறிக் காற்று பட்டாலும் நழுவும். அதனால் எடை தெரிந்த ஒரு படிக்கல்லை அடிக்கடி வைத்துப் பார்க்க வேண்டும். பழைய கோல் தராசு மெதுவானது, ஆனாலும் நான் அதையே நம்புகிறேன். கோலின் நுனியில் உள்ள செம்புத் தகடு காந்தங்களுக்கிடையே அசையும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கிவிடும். எந்தத் தராசானாலும் இலக்கு எடை மருந்து தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் அதில் தொடக்க அளவு என்று கொடுத்திருப்பதிலிருந்து.

கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஆபத்து வேறு விதமானது. வேகமாக எரியும் சில மருந்துகளுக்குப் போட வேண்டிய அளவு மிகச் சிறியது. தவறி இரண்டு தரம் கொட்டினாலும் கூடு வழியாது, பார்த்தால் எதுவும் தெரியாது. சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். குண்டு பொருத்துமுன் கூடுகளை வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலையை ஒருபோதும் விடக்கூடாது. இதற்குப் பொறுமை இல்லாதவர் தோட்டாவைக் கடையில் வாங்கிக்கொள்வதே மேல்.

வேலை முடிந்ததும் ஹாப்பரில் மிச்சமிருப்பதை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பிவிட வேண்டும். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து இரவெல்லாம் நின்றால் சில பிளாஸ்டிக்குகளை அரித்து மங்கச் செய்யும். அதைவிடப் பெரிய கேடு, அடுத்த வாரம் வந்து பார்க்கும்போது ஹாப்பரில் இருப்பது எந்த மருந்து என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாமல் போவது. அப்படிச் சந்தேகம் வந்த மருந்தைத் தோட்டாவில் போடவே கூடாது.