கவுண்டரில் விழுவதெல்லாம் போட்டனா?

ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ஒரு மங்கிய கற்றையில் செக்கனுக்கு 10,000 போட்டன்கள் (ஒளியின் மிகச் சிறிய அலகுகள்) வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் சராசரியாக 30 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரில் ஒரு மேசையில் இருக்கும் உணரியில் ஒரு போட்டன் விழும்போது அடுத்தது பருத்தித்துறைத் தொலைவில் பின்தங்கி நிற்கும். செக்கனுக்கு 1,000 ஆகக் குறைத்தால் இடைவெளி 300 கிலோமீற்றர். நேர்கோட்டில் பார்த்தால் கொழும்புக்கு உள்ள தூரம். ஆனால் விளக்கும் உணரியும் இருக்கும் பெட்டி ஒரு மீற்றர் நீளம்தான். ஆகவே ஒரு போட்டன் வந்து சேரும்போது அடுத்தது பெரும்பாலும் விளக்கைவிட்டுப் புறப்பட்டிருக்கவே மாட்டாது.

இப்படி வரும் போட்டன்களை ஒவ்வொன்றாக எண்ண முடியும். அதற்கு வேண்டிய கருவிகளில் மிகச் சிறியது, மின்துடிப்புகளை எண்ணும், கையில் அடங்கும் பல்ஸ் கவுண்டர். ஒரு 9 வோல்ற் பற்றரி, கேபிள் செருக ஒரு வாய், எண்ணிக்கையைக் காட்டும் திரை, 1 செக்கனா 10 செக்கனா என்று தெரிவுசெய்ய ஒரு பொத்தான், அவ்வளவுதான். தன் வாயில் வரும், போதிய உயரமும் அகலமும் உள்ள எந்தத் துடிப்பையும் அது எண்ணும். எது ஒளியால் வந்தது, எது வெப்பத்தால் வந்தது, எது சுவரில் ஓடும் மின்கம்பியால் வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைப் பிரித்தறிவதுதான் இந்தப் பரிசோதனையின் பெரிய வேலை. அதற்கான வழியும் அதே கவுண்டரின் திரையில்தான் இருக்கிறது.

முதலில் ஒளியை மங்கலாக்க வேண்டும். 1 மில்லிவாற்று சிவப்பு லேசர் சுட்டியிலிருந்து செக்கனுக்கு 30 கோடி கோடிக்கு மேல் போட்டன்கள் வருகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் வடிகண்ணாடி நான்கை அதன் முன்னால் அடுக்கினால் செக்கனுக்கு மூவாயிரம் மிஞ்சும். வடிகண்ணாடி கிடைக்காவிட்டால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரியும் ஒரு எல்.ஈ.டி., அதன் முன் ஊசித்துளை போட்ட அலுமினியத் தாள், சில மீற்றர் தூரம் என்று வைத்தும் இதே நிலைக்கு வரலாம்.

மூவாயிரம் போட்டன்களைக் கண்ணுக்குத் தெரியும் எண்ணாக மாற்றுவது ஒளிப்பெருக்கிக் குழாய். கண்ணாடிக் குழாய்க்குள் வெற்றிடம். போட்டன் ஒளியுணரும் தகடான கதோட்டில் மோதி ஒரு இலத்திரனைக் கிளப்புகிறது. எல்லாப் போட்டனும் இதைச் செய்வதில்லை. நீல ஒளியில்கூடப் பத்தில் ஒன்றோ இரண்டோதான் வெற்றி பெறும், சிவப்பில் பல குழாய்களுக்கு அதைவிட மிகக் குறைவு. கிளம்பிய இலத்திரனை ஏறத்தாழ 100 வோல்ற் இழுத்துக்கொண்டு போய் இலத்திரன்களைப் பெருக்கும் தகடுகளில் முதலாவதான தைனோட்டில் மோதவிடுகிறது. அங்கே அது நான்கைந்து இலத்திரன்களை வெளியேற்றும். அவை ஒவ்வொன்றும் அடுத்த தைனோட்டில் இன்னும் ஐந்தைந்து. 931ஏ போன்ற பழைய குழாய்களில் இப்படி 9 தைனோட்டுகள். ஒவ்வொரு படியிலும் ஐந்து மடங்கு என்றால் கடைசியில் அனோட்டுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 20 இலட்சம் இலத்திரன்கள். இவ்வளவும் சில நானோசெக்கனுக்குள் வந்து விழும். 50 ஓம் தடையில் அது 3 மில்லிவோல்ற் அளவான ஒரு சிறு கூர்முனை.

அந்த 3 மில்லிவோல்ற்றை நேரே கவுண்டரில் செருகினால் திரை பூச்சியத்திலேயே நிற்கும். அதற்கு உயரமும் போதாது, அகலமும் போதாது. ஆகவே நடுவில் ஒரு பெருக்கி, அதற்கடுத்து ஒரு வாசல் மட்டத்தைத் தாண்டும் துடிப்பை மட்டும் உள்ளேவிடும் ஒப்பீட்டுச் சிப், அப்புறம் அந்தத் துடிப்பை ஒரு மைக்ரோசெக்கன் அகலத்துக்கு நீட்டும் சுற்று. இந்த மூன்றும் சேர்ந்த சிறு பலகை இல்லாமல் கைக்கவுண்டரால் பயன் இல்லை. துடிப்பை நீட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. ஒன்று நீண்டுகொண்டிருக்கும்போது வரும் அடுத்தது எண்ணப்படாது. செக்கனுக்கு 1,000 என்றால் இழப்பு ஆயிரத்தில் ஒன்று, கவலை இல்லை. செக்கனுக்கு ஓர் இலட்சம் காட்டினால் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பறிபோயிருக்கும். உண்மை எண்ணிக்கை 1,11,000 அளவில் இருக்கும்.

கவுண்டருக்குள் நடப்பது எளிது. துடிப்பு ஒவ்வொன்றும் இரண்டு நிலையுள்ள ஒரு சுற்றைப் புரட்டுகிறது. அது இரண்டு தரம் புரண்டால் அடுத்த சுற்று ஒரு தரம் புரளும். இரண்டிரண்டாக எண்ணும் இந்த முறையை 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் வின்-வில்லியம்ஸ் என்ற பௌதிகவியலாளர் வால்வுகளை வைத்துச் செய்துகாட்டினார். அதற்கு முன் அணுத் துகள்களை எண்ணியவர்கள் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, திரையில் மின்னும் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினார்கள். இன்று எண்ணும் நேரத்தை ஒரு குவாட்ஸ் பளிங்கு அளக்கிறது. அதன் பிழை இந்தப் பரிசோதனையில் பொருட்டே அல்ல.

எல்லாம் பொருத்தி, விளக்கை அணைத்து, பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுப் பாருங்கள். அப்போதும் கவுண்டர் ஓடும். போட்டன் இல்லாமலே கதோட்டிலிருந்து வெப்பத்தால் இலத்திரன்கள் கழன்று வரும். அவையும் அதே தைனோட்டுகள் வழியாக ஓடி அதே துடிப்பைக் கொடுக்கும். இதை இருட்டு எண்ணிக்கை என்கிறோம். வெப்பநிலை ஏற ஏற இது வேகமாக ஏறும். 33 பாகை அடிக்கும் நம் பகல்வேளையில் எடுக்கும் இருட்டு எண்ணிக்கையும் விடியற்காலையில் எடுப்பதும் ஒன்றாக இரா. ஐஸ்கட்டியைச் சுற்றி வைத்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் அது ஆபத்து. குளிர்ந்த குழாயின் அடிக்கால்களில் நீர் படியும், 1,000 வோல்ற் அந்த ஈரத்தின் வழியே கசியும், கவுண்டர் திடீரென்று ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும். விடியுமுன் அளப்பதே நல்லது என்பேன். இன்னொன்று: உயர் வோல்ற் கொடுத்தபடி பெட்டியைத் திறக்கவே கூடாது. அறை வெளிச்சத்தில் குழாய் கெட்டுவிடும், கை பட்டால் உயிருக்கே ஆபத்து. மின்சாரத்தை நிறுத்தியே திறந்தாலும், வெளிச்சம் பட்ட குழாயின் இருட்டு எண்ணிக்கை தணிய மணிக்கணக்காகும்.

இருட்டு எண்ணிக்கையைக் கழிப்பது எளிது. மூடி 10 செக்கன் எண்ணினால் 400, திறந்து எண்ணினால் 900 என்றால் ஒளியின் பங்கு 500. அதன் நிச்சயமின்மை 100 அல்ல, 10 அல்ல, 36. இந்த 36 எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் மாணவர்கள் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொடர்பில்லாமல், தன்பாட்டில் நிகழும் நிகழ்வுகளை எண்ணினால் விடை ஒவ்வொரு தரமும் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்குப் புவாசோன் பரம்பல் தரும் விதி: சராசரியின் வர்க்கமூலம். சராசரி 400 என்றால் 20. மூன்றில் இரண்டு தரம் விடை 380க்கும் 420க்கும் இடையில் விழும். மேலே சொன்ன 36 என்பது 900ஐயும் 400ஐயும் கூட்டி எடுத்த வர்க்கமூலம். ஆகவே 10 செக்கன் அளவீடுகளை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதுங்கள். 412, 389, 431, 404, 377 என்று வந்தால் மனம் ஆறலாம். குழாய் சொல்வது உண்மை. 500, 500, 501, 500 என்று வந்தால் பரிசோதனை அருமையாக அமைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அது போட்டன் இல்லை. நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தரம் ஆடுவது. 10 செக்கனில் 500. மின்விசிறியின் ரெகுலேட்டர் என்றால் செக்கனுக்கு 100 கீறல், திரையில் 1,000. இவ்வளவு ஒழுங்காகப் போட்டன் வராது.

எதிர்ப்பக்கத்திலும் பிழை உண்டு. சராசரி 445 ஆக இருந்து, விடைகள் 300, 520, 350, 610 என்று பரந்து கிடந்தால் துடிப்புகள் கூட்டமாக வருகின்றன. ஈரத்தில் உயர் வோல்ற் கசியலாம். கேபிளின் முனையில் 50 ஓம் இல்லாமல் துடிப்பு திரும்பித் தெறித்து இரண்டாம் முறை எண்ணப்படலாம். குழாய்க்குள் மிஞ்சிய வாயு அயனாகிக் கதோட்டுக்குத் திரும்பி அடுத்த துடிப்பைக் கிளப்பலாம். குறைவாக மாறினால் மின்கம்பி, கூடுதலாக மாறினால் கசிவோ எதிரொலியோ. ஒரு பென்சிலும் கொப்பியும் போதும், யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். துடிப்பின் வடிவத்தைத் திரையில் காட்டும் விலையுயர்ந்த எந்த அலைவுகாட்டியை விடவும் முதலில் நான் நம்புவது இந்தச் சோதனையைத்தான்.

பற்றரியில் ஓடும் கவுண்டரின் பெருமை இங்கேதான். கவுண்டருக்கும் சுவர்ச் செருகிக்கும் தொடர்பே இல்லை. உயர் வோல்ற் கொடுக்கும் அலகையும் 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓட்டினால் மின்கம்பி வழியாக வரும் இரைச்சலில் பெரும்பங்கு ஒழியும், மின்வெட்டிலும் வேலை நிற்காது. மின்சாரமே இல்லாத 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இதெல்லாம் பெரிய காரியம் இல்லை.

கவுண்டரை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல கைக்கருவிகளில் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை), மொத்த எண்ணிக்கை என்று இரண்டு முறை இருக்கும். மீடிறன் முறையில் சில கருவிகள் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, அதைத் தலைகீழாக்கிக் காட்டும். ஒழுங்காக வரும் துடிப்புக்கு அது சரி. போட்டனுக்குச் சரிவராது. இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டுப் பிறகு நெடுநேரம் ஒன்றுமே வராத பாதையில், அந்த இரண்டை மட்டும் பார்த்து நாளைக்கு எத்தனை பஸ் என்று கணக்கிடுவது போன்ற பிழை. தற்செயலாக வரும் துடிப்புகளில் மூன்றில் இரண்டு பங்களவு இடைவெளிகள் சராசரியை விடக் குறுகியவை. ஆகவே கருவி பெரும்பாலும் கூட்டியே காட்டும். மொத்த எண்ணிக்கை முறையில் மட்டும் பாவியுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1909இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் என்ற பௌதிகவியலாளர் புகைபடிந்த கண்ணாடிகளால் ஒளியை மங்கவைத்து, ஓர் ஊசியின் நிழலைப் படத்தட்டில் பிடித்தார். மிக மங்கிய ஒளியில் அவர் தட்டை வைத்திருந்தது ஏறத்தாழ 2,000 மணித்தியாலம். நிழலோரத்தில் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரும் வரிகள் பிரகாசமான ஒளியில் தெரிந்தபடியே தெரிந்தன. அந்த வரிகள் அலையின் அடையாளம். நம் கவுண்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனித் துடிப்பாக எண்ணுகிறது. ஆகவே ஒளி துணிக்கைதான் என்று நிரூபித்துவிட்டோமா? இல்லை. ஒளி அலையாகவே இருந்து, கதோட்டின் இலத்திரன் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றாலும் கவுண்டர் இதே மாதிரித்தான் தட்டும். மங்கிய லேசரிலும் சிலவேளை இரண்டு போட்டன்கள் ஒட்டி வரும்.

இதைத் தீர்க்க இரண்டு குழாய்கள் வேண்டும். பாதி ஒளியை விட்டுப் பாதியைத் தெறிக்கும் கண்ணாடியின் இரு பக்கமும் ஒவ்வொன்றை வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் மட்டும் திறக்கும் தர்க்கப் படலை ஒன்றின் வழியாகக் கவுண்டருக்கு அனுப்ப வேண்டும். தனிப் போட்டன் இரண்டாகப் பிளக்காது. ஒரு பக்கம்தான் போகும். 1986இல் பிரான்சில் கிரான்ஜியே, ரோஜே, அஸ்பே மூவரும் கல்சியம் அணுக்கள் அடுத்தடுத்து விடும் இரண்டு போட்டன்களில் முதலாவதை அறிவிப்பாக வைத்து, இரண்டாவதை இப்படிச் சோதித்தார்கள். சேர்ந்து வந்த துடிப்புகள் தற்செயலாக எதிர்பார்ப்பதை விட மிகக் குறைவாக இருந்தன. அலைக் கொள்கையால் அந்தக் குறைவை விளக்க முடியவில்லை.

நம் மேசையில் உள்ள எல்.ஈ.டி.யில் அந்தக் குறைவு வராது. ஆனால் தற்செயல் அளவைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு குழாயிலும் செக்கனுக்கு 1,000, படலை திறந்திருக்கும் இடைவெளி 20 நானோசெக்கன் என்றால், இரண்டும் தற்செயலாகச் சேர்வது 50 செக்கனுக்கு ஒன்று. ஒரு மணித்தியாலத்தில் 72, அதில் ஏறத்தாழ 8 கூடலாம் குறையலாம். கவுண்டர் 200 காட்டினால் இரண்டு குழாய்களும் ஒரே இரைச்சலைக் கேட்கின்றன, பூமித்தொடுப்பைப் பாருங்கள். 70ஐ ஒட்டி வந்தால் சுற்று தயார். தனிப் போட்டனைச் சோதிக்க அதற்குமேல் வேண்டியது 405 நானோமீற்றர் லேசரும், அதன் ஒரு போட்டனை 810 நானோமீற்றர்ப் போட்டன்கள் இரண்டாக்கும் பளிங்கும், அந்த அகச்சிவப்பை உணரும் உணரிகளும்.