ஜன்னலைக் கழற்றுவதற்கு முன் அதன் அடியைப் பாருங்கள்

ஜன்னல் பொருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் என்பது புகார்க் காலம். சென்ற வாரம் என்னை அழைத்த வீட்டில், பொருத்தி இரண்டு ஆண்டுகூட ஆகாத, யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டம் நிரம்பி, நீர் உட்சுவரில் வழிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக்கை நம்பியதே தவறு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அலுமினியம் போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் முடிவே செய்திருந்தார். குனிந்து பார்த்தால், அடிச்சட்டத்தின் வெளிமுகத்தில் இருந்த நீள்துளைகள் அனைத்தும் சிலிகான் பூசி அடைக்கப்பட்டிருந்தன. துளை வழியே எறும்பு வருகிறது என்று அவரே பூசியிருக்கிறார். கத்தி முனையால் அதைச் சுரண்டி எடுத்ததும் தேங்கிய நீர் வெளியே ஓடிவிட்டது. இத்தகைய வீடுகளை எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

நல்ல ஜன்னல் என்றால் அதன் சட்டத்துக்குள் ஒரு சொட்டு நீர்கூடப் புகக்கூடாது என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் வேர். ஸ்லைடிங் ஜன்னல் எதுவும் அப்படிச் செய்யப்படுவதில்லை. காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழை கண்ணாடியில் வழிந்து, ரப்பர் கேஸ்கெட்டையும் தூரிகைப் பட்டையையும் கடந்து அடிச்சட்டத்தின் பள்ளத்தில் இறங்கவே செய்யும். இறங்கும் என்று தெரிந்துதான் அதை வெளியேற்றத் துளை வைக்கப்படுகிறது. அது தயாரிப்புக் குறையும் அல்ல, மிச்சம்பிடிக்கச் செய்த வேலையும் அல்ல. அலுமினியத்திலும் இதே துளைகள் உண்டு. மரத்தில் துளைக்குப் பதிலாக அடிக்கட்டையை வெளிப்பக்கம் சரித்து, நீர் சுவரைத் தொடாமல் சொட்டுவதற்கு அடியில் ஒரு காடியும் (நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம்) எடுப்பார்கள். துளையை அடைப்பவருக்கு எந்தப் பொருளில் சட்டம் செய்து கொடுத்தாலும் வீட்டுக்குள் நீர் வரத்தான் செய்யும். பூச்சித் தொல்லை என்றால் துளையின் மேல் மாட்டும் சிறு மூடி கிடைக்கிறது. தயவுசெய்து சிலிகான் குழாயைக் கையில் எடுக்காதீர்கள்.

இனி, பொருளைப் பற்றி. அகலமான திறப்பும் மெலிந்த சட்டமும் வேண்டுமென்றால் அலுமினியமே பொருந்தும்; அதன் விறைப்பு யுபிவிசியைப்போல 20 மடங்குக்கும் மேல். ஆனால் அது வெப்பத்தை ஏறத்தாழ 1,000 மடங்கு எளிதாகக் கடத்தும். ஆகவே குளிரூட்டும் அறைக்கோ கடுங்குளிருக்கோ வாங்குபவர்கள், உட்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் இடையே வெப்பத்தை எளிதில் கடத்தாத பாலிஅமைட் பிளாஸ்டிக் பட்டை வைத்த செக்‌ஷனைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடி வழியே நேராக விழும் வெயிலை எந்தச் சட்டமும் தடுக்காது என்பதையும், விற்பவர் சொல்லமாட்டார் என்பதால், நானே சொல்லிவிடுகிறேன்.

யுபிவிசிக்கு விறைப்பைத் தருவது அதன் உள்ளே செருகும் துத்தநாகம் பூசிய எஃகுக் குழல். அதை விட்டுவிட்டால் வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு கோடையில் நடுச்சட்டம் வளைந்து, பூட்டு பிடிக்காமல் போகும்போதுதான் தெரியவரும். எனவே மூலையை ஒட்டுவதற்கு முன் வெட்டுமுனையைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது வலுவான ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். மேலும், இரண்டு மீட்டர் நீளமுள்ள யுபிவிசிச் சட்டம் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். அதற்காகத்தான் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இடைவெளி விடுகிறோம். எங்கள் ஆட்கள் இறங்கிப் போன மறுநாளே கொத்தனார் அதைச் சிமெண்ட் கலவையால் இறுக்கி அடைத்துவிடுவார். ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும் என்பது வேறு. பூச்சுவேலை முழுவதும் முடிந்த பிறகே சட்டத்தை வரவழையுங்கள்.

மரத்தை இழிவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடிக்கட்டை உளுத்தால் அந்த ஓரடியை மட்டும் வெட்டிப் புதுக்கட்டை ஒட்ட முடிவது மரத்தில்தான். ஆனால் வண்ணத்தைப் புதுப்பிக்கும் பொறுமை இல்லாதவர்களும், கறையான் உள்ள மனையில் கட்டுபவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது. வண்ணம் பூசும்போது, கட்டையின் வெட்டுமுனைகளைப் பொருத்துவதற்கு முன்பே பூசிவிட வேண்டும். நீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனைகளே.

கடலோரத்தில் யுபிவிசிச் சட்டம் கெடாது, ஆனால் அதன் கீலும் ரோலரும் கெடும். அலுமினியமோ உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரிபடும். அதில் சாதாரண இரும்புத் திருகைப் போட்டால் திருகைச் சுற்றியுள்ள அலுமினியம் இன்னும் விரைவாக அரிபடும். எதுவானாலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே கேளுங்கள், உப்பு படியவிடாமல் அவ்வப்போது நல்ல நீரில் கழுவுங்கள்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்திலும் ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். அது வெளிப்பக்கமாக ஒழுகி வடிவதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருத்தியவரை அனுப்புங்கள்.