புகையான் மருந்துக்குப் பழகுவதில்லை

மார்கழி முதல் வாரத்தில் மன்னார்குடிக்கு அருகே ஒரு பெரியவரின் சம்பா வயலுக்குச் சென்றிருந்தேன். பிபிடி 5204 நெல் பால் பிடிக்கும் பருவத்தில், நடுவயலில் வட்டவட்டமாக, தீயில் புகைந்ததைப் போலக் காய்ந்து கிடந்தது. நெல் தண்டின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பழுப்புத் தத்துப்பூச்சியின் வேலை அது. அவர் திண்ணையில் மூன்று காலிக் குப்பிகளை வரிசையாக வைத்து, "பூச்சி மருந்துக்குப் பழகிப்போச்சு சார், அதான் ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டினேன்" என்றார். மூன்று குப்பிகளிலும் வெவ்வேறு வணிகப் பெயர்கள். சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைப் படித்துக் காட்டினேன்: இரண்டில் இமிடாக்ளோபிரிட், ஒன்றில் தயாமீதாக்சம். மூன்றும் ஒரே வகுப்பு மருந்துகள். இந்தப் பருவத்தில் இதே காட்சியைப் பல திண்ணைகளில் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சி மருந்துக்குப் பழகுவதில்லை. நாக்கு காரத்துக்குப் பழகுவதைப் போல, இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் எனக் குடித்து எந்தப் புகையானும் தன்னைத் திடப்படுத்திக்கொள்வதில்லை. மருந்து படும் நாளில் அது சாகும், அல்லது பிழைக்கும். பிழைத்தது, தெளிப்பதற்கு முன்பே, பிறக்கும்போதே வேறாக இருந்தது. அடுத்த தலைமுறை முழுவதும் அதன் பிள்ளைகளாக இருப்பதற்கு, மற்றவற்றைக் கொன்று இடத்தை ஒழித்துக் கொடுத்தவர்கள் நாம்தான். 'பழகிவிட்டது' என்று நினைப்பவர், பழகிய அளவை மிஞ்சினால் போதும் என்று அளவைக் கூட்டுகிறார். 'தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று உணர்பவர் கையை நிறுத்துவார். அந்த ஒரு சொல்லை மாற்றச் சொல்லி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

பிறக்கும்போதே இருந்த அந்த வேறுபாடு என்ன என்பதைப் பழ ஈ தெளிவாகக் காட்டியிருக்கிறது. மாங்காயிலும் புடலையிலும் முட்டையிட்டு அழுக வைக்கும் ஈயை நான் சொல்லவில்லை. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈயான டிரோசோபிலா மெலனோகாஸ்டரைச் சொல்கிறேன். டிடிடியின் பூச்சிக்கொல்லித் திறன் 1939இல் கண்டறியப்பட்டு, பின்னர் உலகெங்கும் தெளிக்கப்பட்டது. அதைத் தாங்கி நின்ற ஈக்களை ஆராய்ந்தபோது, 2002இல் வெளியான ஆய்வு ஒரே ஒரு மரபணுவைச் சுட்டியது: சிப்6ஜி1. புதிய ஆயுதம் எதையும் ஈ செய்துகொள்ளவில்லை. நஞ்சை உடைக்கும் ஒரு நொதியை உண்டாக்கும் அந்த மரபணு சாதாரண ஈயிலும் உண்டு. தாங்கும் ஈயில், அம்மரபணுவுக்கு முன்னால், அதை எங்கே எவ்வளவு இயக்குவது என்று முடிவு செய்யும் பகுதியில், அக்கார்டு என்ற தாவும் மரபணுத் துண்டு வந்து அமர்ந்திருந்தது. அது அமர்ந்ததும் நடுக்குடலிலும் கழிவுக் குழல்களிலும் கொழுப்புத் திசுவிலும் நொதி பெருகியது. மடை அதேதான், கதவைத் திறக்கும் அளவு மட்டும் மாறிவிட்டது. டிடிடி வருவதற்கு முன்பே ஆய்வகத்தில் வளர்க்கத் தொடங்கிய கான்டன்-எஸ் வம்சத்தில் இந்தத் துண்டு இல்லை.

அதன் உறவினமான டிரோசோபிலா சிமுலன்சில், அதே மரபணுவின் வாசலில், டாக் என்ற வேறொரு துண்டு தனியாக வந்து அமர்ந்தது. விளைவும் அதே மாதிரிதான். பரிணாமம் சில நேரம் புரதத்தை மாற்றாமல், மரபணுவின் இயக்கத்தை மாற்றியே வேலையை முடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை எனக்குத் தெரியாது. நம் வயலுக்கு இதில் இன்னொரு கசப்பான செய்தியும் இருக்கிறது: டிடிடியைத் தாங்கிய அந்த ஈக்கள், முற்றிலும் வேறு வகுப்பைச் சேர்ந்த இமிடாக்ளோபிரிடையும் தாங்கின. ஆசிய நாடுகளில் இமிடாக்ளோபிரிடுக்கு அசையாத புகையானிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்6இஆர்1 மரபணு மிகையாக இயங்குவது கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே குப்பியை மாற்றுவது மட்டும் போதாது. தெளிக்கும் தேவையையே குறைக்க வேண்டும்.

பெரியவரின் வயலில் ஒரு நெற்குத்தை விலக்கித் தண்ணீர் மட்டத்தில் பார்த்தோம். தண்டைச் சுற்றிப் பழுப்புப் பூச்சிகள் அடைந்து கிடந்தன; மருந்து மேலிலையோடு நின்றுவிட்டது, அடித்தண்டு வரை இறங்கவே இல்லை. புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

எண்ணாமல் தெளிக்காதீர்கள். தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சி என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளியைப் பட்டமாக விடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். பூச்சி கண்டதும் முதலில் தண்ணீரை வடியுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றைப் புகையானுக்கு அடிக்கவே கூடாது. புகையானைத் தின்னும் சிலந்தியும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகும், புகையான் மீண்டும் பெருகும். தெளித்தே ஆக வேண்டுமென்றால், பூப்ரோபெசின், பைமெட்ரோசின் போன்ற வேறு வகுப்பு மருந்தைப் பரிந்துரைத்த அளவில், தூரின் அடியில் படும்படி தெளியுங்கள். அடுத்த முறை அதையே திரும்ப வாங்காதீர்கள். மருந்துக்கடைக்குப் போகும்போது முந்தைய குப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள் ஐயா. பெயர்ச்சீட்டில் பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.