மிதிவண்டி நிரவல்

‘மிதிவண்டி மறுபங்கீடு’ என்ற தொடரை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். பெருநகரங்களின் பொது மிதிவண்டித் திட்டங்களைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை. கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடும் நண்பரிடம் காட்டினேன். “யாருக்கு எத்தனை சைக்கிள் பங்கு பிரிக்கிறாங்கண்ணே?” என்றார். சரியான கேள்வி.

அந்தத் திட்டங்களில், ஒரு நிலையத்தில் எடுத்த வண்டியை எந்த நிலையத்திலும் விடலாம் என்பதால் சில நிலையங்கள் காலியாகும். சிலவற்றில் வண்டி நிறுத்தவே இடமிருக்காது. பாரிசில் 2007இல் தொடங்கிய வெலிப் திட்டத்தில், மோன்மார்த்ர் போன்ற மேடுகளிலிருந்து வண்டியில் இறங்கியவர்கள் அதிகம், மிதித்து ஏறியவர்கள் குறைவு. லாரியில் ஏற்றித்தான் மேலே கொண்டுபோனார்கள். பிறகு, மேட்டு நிலையத்தில் வந்து விடுபவருக்கு இலவசமாக ஓட்டும் நேரத்தில் 15 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். நியூயார்க்கின் சிட்டி பைக்கில், நிரம்பிய நிலையத்தில் எடுத்துக் காலி நிலையத்தில் விட்டால் புள்ளிகள் சேரும்.

வண்டிகளை இப்படி நிலையம் மாற்றிச் சரிசெய்வதை ஆங்கிலத்தில் ‘ரீடிஸ்ட்ரிபியூஷன்’ என்கிறார்கள். அதன் லத்தீன் வேருக்குக் குலங்களுக்குள் பிரித்துக் கொடுப்பது என்று பொருள் சொல்வார்கள். அந்த வேரைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் மறுபங்கீடு.

பங்கு என்றால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அண்ணன் தம்பி சொத்துப் பங்கு, கிடா வெட்டினால் கறிப் பங்கு, ரேஷன் கடைப் பங்கீடு, எல்லாவற்றிலும் கைக்கு வந்தது வாங்கியவருக்குச் சொந்தம். இங்கே எந்த வண்டியும் யாருக்கும் சொந்தமாவதில்லை. அதோடு, முதலில் யாரும் பங்கிடாத ஒன்றை எப்படி மறுபடி பங்கிடுவது? செல்வத்தைப் பற்றிப் பேசும்போது மறுபங்கீடு நல்ல சொல்; சைக்கிளுக்கு அது பொய்ச் சொல். ‘மறுவிநியோகம்’ என்றால் சரக்கை இரண்டாம் தடவை கடைக்கு அனுப்புவதுபோல் இருக்கிறது. ‘மறுசமநிலைப்படுத்தல்’ என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அடுத்த நிலையம் போய்விடும்.

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் பூண்டு போடுவதற்கு முன் படிக்கட்டு வயலில் ஒரு அம்மா வேலை செய்துகொண்டிருந்தார். மழையில் கீழ்ப்படிக்கு இறங்கியிருந்த மண்ணைக் கூடையில் வாரி மேலே கொட்டி, மண்வெட்டியின் முதுகால் இழுத்து இழுத்துச் சமமாக்கினார். என்ன செய்கிறீர்கள் என்றேன். “பள்ளத்த நிரவுறேன் சார்.”

நிரவு. நிரம்பு, நிரப்பு, நிரை எல்லாம் இதன் சொந்தக்காரச் சொற்கள். மேட்டில் எடுத்துப் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்குவது. கச்சேரி கேட்பவர்களுக்கும், பாட்டின் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உபரி ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியிலிருந்து பற்றாக்குறையுள்ள பள்ளிக்கு அவர்களை மாற்றுவதைப் பள்ளிக்கல்வித் துறை ‘பணி நிரவல்’ என்றுதானே எழுதுகிறது? உபரி, பற்றாக்குறை, இடமாற்றம். சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தனியாகச் செய்ய வேண்டுமா?

நிரவல் பட்டிக்காட்டுச் சொல் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அகராதியைத் திறப்பதற்கு முன் வயலிலும் அரசாணையிலும் புழங்குவதைக் காதில் வாங்க வேண்டாமா? நான் முதலில் சொன்ன கட்டுரையில் அந்த 15 நிமிடத்துக்கு ‘ஊக்கத்தொகை’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். தொகை எங்கே இருக்கிறது? கொடுப்பது நேரம். ‘நிரவல் சலுகை’ என்றால் பணத்துக்கும் நேரத்துக்கும் புள்ளிக்கும் பொருந்தும்.

நிலையத்துப் பலகையில் எழுதிப் பாருங்கள்: ‘வண்டி நிரவ உதவுங்கள். மேட்டு நிலையத்தில் விட்டால் 15 நிமிடம் கூடுதல்.’