எதிர்ப்புச் சக்தி யாருக்கு?

"வயலுக்கு அடிக்கும் மருந்தால் பங்கசுகளின் நோய் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது." அம்பாறைப் பக்கம் விவசாயிகளுக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரம் ஒன்றில் இப்படி ஒரு வரி. இதே பிழையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மருந்து பட்டும் பங்கசு சாகாமல் தப்புவதை ஆங்கிலத்தில் resistance என்பார்கள்; அதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். நோயைத் தருவதே பங்கசுதான்; அதற்கு எந்த நோயை எதிர்க்கச் சக்தி?

பங்கசு என்பது காளானைக் குறித்த இலத்தீன் சொல். பள்ளிப் புத்தகம் அதை அப்படியே எடுத்து 'பங்கசுநாசினி' ஆக்கியது. பழைய பாணில் பிடிப்பதைப் பூஞ்சணம் என்கிறோம். பூஞ்சணக்கொல்லி என்றால் போதும். நாசினி வடசொல் என்று சண்டைக்கு வரமாட்டேன், அது களைநாசினிப் போத்தலோடு ஊறிப்போனது.

சண்டை 'எதிர்ப்பு' பற்றித்தான். நெல்லின் மடல் வெளிறல் நோய்க்கு அடிக்கும் டெபுகொனசோலும், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வொரிகொனசோலும் ஒரே அசோல் குடும்பம். பூஞ்சணத்தின் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. அஸ்பெர்ஜில்லஸ் பியூமிகேட்டஸ் என்ற பூஞ்சணம் உக்கும் குப்பையில் வளர்வது. அதைக் குறிவைத்து யாரும் அடிப்பதில்லை, ஆனாலும் மருந்து அதன்மேலும் படுகிறது. நொதி மாறியவை தப்பிப் பெருகும். அவற்றின் வித்திகள் காற்றோடு போய் நலிந்த சுவாசப்பைக்குள் இறங்கும். அந்த நோயாளி அசோல் மருந்தைத் தொட்டே இராவிட்டாலும் சிகிச்சை பலிக்காமல் போகலாம். நெதர்லாந்தில் 1990களின் பிற்பகுதியில் நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளிலேயே இப்படிப்பட்ட பூஞ்சணம் இருந்தது பின்னர் தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இந்தப் பூஞ்சணத்தை மிக ஆபத்தானவற்றின் வரிசையில் வைத்தது. இதைப் போய் 'எதிர்ப்புச் சக்தி' என்று எழுதினால், வாசிப்பவர் கொத்தமல்லி அவிக்கப் போவார்.

சரி, 'சக்தி'யை வெட்டிவிட்டால்? இன்னொரு மொழிபெயர்ப்பில் 'பூஞ்சை எதிர்ப்பு மருந்து எதிர்ப்பு' என்று கண்டேன். எது எதை எதிர்க்கிறது என்று எழுதியவருக்காவது தெரியுமா? 'மருந்துத் தாங்குதிறன்' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் தாங்குதல் (tolerance) வேறு, இது (resistance) வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அடுத்த கட்டுரையில் திண்டாட்டம்.

அகராதியோடு குந்தியிருப்பவர்கள் ஒருதரம் வயல் வட்டைக்குள் இறங்கிக் கேட்டிருக்கலாம். வேளாண்மைக்கு அடித்தும் சரிவராவிட்டால் "மருந்துக்குக் கேக்குதில்ல" என்பார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் காய்ச்சலுக்கும் அதே பேச்சு. மருந்துக்குக் கேளாமை: யார் கேட்கவில்லை, எதற்குக் கேட்கவில்லை, இரண்டும் அதிலேயே இருக்கிறது. மருந்துக்குக் கேளாத பூஞ்சணம் என்று பெயரடையாகவும் மடங்கும்.

கேளாமை என்றால் செவிடு என்றும் வருமே என்றார் நண்பர் ஒருவர். காது வைத்தியரின் துண்டில் குழப்பம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.