புண் காய வேண்டாம், ஆற வேண்டும்

இந்த வாரத்தில் இது மூன்றாவது ஆள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா. பவளப் பாரில் கால் வைத்தபோது பெருவிரலுக்கு அடியில் கிழித்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்து வருகிறார். காயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல மஞ்சளாக ஓர் ஓடு. ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிய பொடி, கசிந்த நீரோடு சேர்ந்து இறுகியிருந்தது.

"மேலே நன்றாகக் காய்ந்துவிட்டது டாக்டரம்மா, வலிதான் விடவில்லை" என்றார்.

சலைன் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு, ஓட்டைப் பெயர்த்தேன். அடியிலிருந்து சீழ் வந்தது. கூடவே பவளத் துணுக்கு ஒன்று. சர்க்கரை 312.

காய வேண்டியது கருவாடு. புண் ஆற வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைப்பதால்தான் "மூடாதே, காற்றாட விடு" என்கிறோம். புதுத்தோல் காயத்தின் ஓரங்களிலிருந்து ஊர்ந்து வருகிறது. அதற்கு ஈரப்பசை வேண்டும். பொருக்குத் தட்டிவிட்டால் அதற்கு அடியில் குடைந்துகொண்டுதான் வர முடியும். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களை வைத்துப் பார்த்தார். மூடி ஈரப்பசை காத்த காயங்களில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. அறுபது ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் காற்றாட விடுகிறோம். ஈரப்பசை என்றதும் சொதசொதவென்று நனைந்த துணியைச் சுற்றிக்கொண்டும் வராதீர்கள்.

கேப்சூல் விழுங்குவதற்கு. புண்ணில் கொட்டினால் அது வெறும் தூசி. விரைவில் ஆற்றும் களிம்பு எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: சுத்தமான சின்னக் காயத்துக்கு வாசலின் போதும். தோலில் சிறு அறுவை செய்துகொண்டவர்களிடம் ஆன்டிபயாடிக் களிம்பையும் வாசலினையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 1996இல் வந்தது. சீழ் பிடிப்பதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. கடையில் படைக்கும் சொறிக்கும் தரும் கலவைக் களிம்பைப் புண்ணில் தடவவே கூடாது. அதிலுள்ள ஸ்டீராய்டு ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

கடல் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்பது நம் கரையோரத்தின் பெரிய பொய். வெதுவெதுப்பான கடலில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. ஈரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஓரிரு நாளிலேயே கால் வீங்கிக் கொப்புளம் கட்டிக் கறுத்துவிடும், உயிரையும் வாங்கும்.

வெட்டினால் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழுவுங்கள். மணலும் துணுக்கும் போகட்டும். வாசலின் தடவி, சுத்தமான துணியால் மூடுங்கள், தினமும் மாற்றுங்கள். நுரை பொங்கும் மருந்தை (ஹைட்ரஜன் பெராக்சைடு) தினமும் ஊற்றினால் புதுத்தோலும் சேர்ந்து வெந்துபோகும். மஞ்சள்தூள், காப்பித்தூள், டீசல் எதுவும் வேண்டாம். திருக்கை குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள் (சூட்டை அடுத்த காலில் பார்த்துக்கொண்டு), பிறகு வாருங்கள்; முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். அழுக்கான காயமென்றால், ஐந்து ஆண்டுக்கு முன் போட்ட டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி கணக்கில் சேராது, மறுபடி போட வேண்டும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே வந்துவிடுங்கள், தாயே, ஒன்பதாம் நாள் அல்ல.

அந்த அக்காவுக்கு இரண்டு வாரம் கடல் கிடையாது என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது தரையில் மணல் கொட்டியது.