அதே துணி, வேறு நிறம்

சென்னையில் சோபா செய்து தருவதும், பழைய சோபாவுக்குத் துணி மாற்றுவதும் என் தொழில். இப்போது பலர் கேட்பது மாடுலர் சோபா. தனித்தனி இருக்கைகளைக் கிளிப் போட்டு இணைத்துக்கொள்ளலாம், குறுகிய மாடிப்படியில் ஒவ்வொன்றாக ஏற்றலாம், வீடு மாறினால் வேறு மாதிரி போடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு நிஜமாகவே நல்லது. ஆனால் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

ஒரு குடும்பத்துக்குச் சாம்பல் நீலத் துணியில் நான்கு இருக்கைகள் செய்துகொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து மூலைக்கு இன்னொன்று கேட்டார்கள். அதே கேட்லாக், அதே எண். கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்ததும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. புதியது தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் கொஞ்சம் மாறும். பழைய துணியோ ஜன்னல் வெயிலில் வெளுத்திருந்தது. முதலிலேயே சொல்லாதது என் தவறு. இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்: பின்னால் சேர்க்கும் எண்ணம் இருந்தால், ஒரு இருக்கைக்கான துணியை அதே லாட்டிலேயே, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணியிலேயே வாங்கி, வெயில் படாமல் சுருட்டி வையுங்கள். இருக்கைகளை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுங்கள், வெளுப்பதாவது ஒரே சீராக இருக்கும்.

வெல்வெட் கேட்பவர்களுக்கு இன்னொன்று. அதன் இழை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இருக்கையைத் திருப்பிப் போட்டால், ஒரே துணி ஓரிடத்தில் கருத்தும் ஓரிடத்தில் வெளிறியும் தெரியும். கடையில் இரண்டு சாம்பிள் துண்டுகளை எடுத்து, ஒன்றைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். பெரிய பூ டிசைனும் அப்படித்தான். கலைத்து அடுக்கினால் பூ பாதியில் அறுந்து நிற்கும்.

அப்புறம், மார்ட்டின்டேல் எண் கேளுங்கள். துணியைக் கம்பளியால் திரும்பத் திரும்பத் தேய்த்து, எத்தனை சுற்று தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது. தினமும் குழந்தைகள் ஏறி விளையாடும் சோபாவுக்கு 25,000-க்குக் குறைய வேண்டாம் என்பேன். கறை போகுமா, நிறம் நிற்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பி.யூ. லெதர், அதாவது துணிமேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோல், பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பூச்சைக் காற்றின் ஈரமே மெல்லச் சிதைக்கும். நம் கடலோர ஊர்களில் யாரும் உட்காராத சோபாகூடச் செதில் செதிலாக உரிவதைப் பார்த்திருக்கிறேன். உரிந்த இடத்தை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை, முழுத்துணியும் மாற்றத்தான் வேண்டும்.

கவரில் ஜிப் இருந்தால் உடனே வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பல சோபாக்களில் அந்த ஜிப், ஃபோமை உள்ளே நுழைப்பதற்காக வைத்தது. பருத்தியும் லினனும் சுருங்கிவிட்டால் கவர் திரும்ப ஏறாது. ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு சாண் துண்டு வாங்கி, அளந்து, துவைத்து, காய்ந்தபின் மறுபடி அளந்து பாருங்கள்.